எண்பதில் ஒரு நடுக்கம்

ஜூன் 3, செவ்வாய்

வண்டி ஆடுகிறது.

காலையில் புறவழிச் சாலையில் ஏறி எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் கைக்குள் கிடுகிடுவென்று நடுங்கியது. எழுபதுக்கு இறக்கினேன், நின்றது. மறுபடி எண்பது, மறுபடி நடுக்கம். ரோடுதான் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் திரும்பும்போது எதிர்ப்பக்க ரோட்டிலும் பார்த்தேன். அதே எண்பது, அதே நடுக்கம். வாங்கி இன்னும் இரண்டு வாரம் முடியவில்லை. சீட்டின் புது வாசனை கூடப் போகவில்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "புதுசுதானே. போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஏறிப் பார்த்தால்தானே தெரியும்? வண்டி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட ஏறவில்லை. "உன் வண்டி. நீ நல்லா ஓட்டு. நான் அதைத் தொடக்கூட மாட்டேன்." ஷோரூமிலிருந்து வந்த அன்று படிக்கட்டில் நின்று சொன்னது. என்ன ரோஷமோ! நான் என்ன தப்பாகச் செய்துவிட்டேன்? விற்பனைப் பெண் "சார் என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். "இப்ப வீட்லதான் இருக்கார்" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

ஹோட்டல் கை மாறியதும், இருபத்தெட்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தவரை ஒரு பூச்செண்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் தூசும் இல்லை, பேச்சும் இல்லை. கட்டிலுக்கு அடியில் கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்துப் பார்த்துத் துடைக்கிறார். என்னிடம் "காபி", "சாவி", "மாத்திரை" என்று ஒற்றைச் சொல்தான்.

வண்டி வாங்கியதே அதற்காகத்தான். யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். மகள் வீட்டுக்குக் காரில் நாலு மணி நேரம். நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் மனுஷன் எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்? இப்போது அந்த வண்டியே ஆடினால்?

ஜூன் 4, புதன்

அறுபது: இல்லை. எழுபது: இல்லை. எண்பது: இருக்கிறது. தொண்ணூறில் பல்லே ஆடுகிறது.

ஜூன் 5, வியாழன்

அரை நாள் விடுப்பு. சர்வீஸ் சென்டர். கழுத்தில் டை, முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு. டைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"புது வண்டி மேடம். கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்."

"வண்டியா, செருப்பா? கடிச்சுக் கடிச்சு செட் ஆகறதுக்கு?"

அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்பதில் அந்தச் சிரிப்பு காணாமல் போனது. திரும்பி வந்து நாலு சக்கரத்தையும் கழற்றினார்கள். பேலன்சிங் மெஷினில் நிற்பது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், முன்கையெல்லாம் கரி. அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்காது மேடம். எங்க கனம் குறையுதோ அங்க, உள்பக்கமா, இந்த வெயிட்டை ஒட்டுவோம். அப்பதான் ஆடாம சுத்தும். உங்க வண்டியில நாலு சக்கரத்துலயும் வெயிட்டே இல்லை. விழுந்திருக்கு."

கையில் காட்டினாள். சாம்பல் நிறத்தில் விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன உலோகக் கட்டிகள், பின்னால் பசை. இத்தனை பெரிய வண்டியை இத்தனூண்டு கட்டியா ஆட்டிவைக்கிறது!

ஒட்டிக் கொடுத்தார்கள். ஆட்டம் போய்விட்டது. ஆனாலும் "விழுந்திருக்கு" என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் வீட்டுப் பொருள் சேதத்துக்கு வரும் கோரிக்கைகளை அலசிப் பார்ப்பது என் வேலை. டிவி தானாக விழுந்தது, கண்ணாடி தானாக உடைந்தது, தண்ணீர் தானாகக் கொட்டியது. தினமும் இதே பாட்டுதான். எதுவும் தானாக விழாது. ஆபீஸில் எனக்கு "பூதக்கண்ணாடி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஜூன் 6, வெள்ளி

வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறது. சும்மாவே தொண்ணூறில் போய்ப் பார்த்தேன்.

மகள் போன் செய்தாள். புது வீட்டுக்குப் போனவள், நாங்கள் இன்னும் வரவில்லை என்று குறை. "அப்பாவ எப்படியாவது கூட்டிட்டு வாம்மா. போன்ல பேசினா 'ம்' மட்டும்தான் வருது." அங்கேயும் அதே கதைதானா!

புது மிக்ஸி வந்தது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் இவர் அதிலிருந்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரித்துவிட்டார். எந்தப் பட்டன் எதற்கு என்று எழுதியிருந்ததும் சேர்ந்தே போச்சு. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். ஒரு பொருளில் ஸ்டிக்கரோ பசையோ இருந்தால் இவருக்குத் தூக்கம் வராது.

என் தோட்டின் திருகு ஒரு வாரமாகக் காணவில்லை. கேட்டதும் பேசாமல் போய்த் தன் தகர டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கீழே கிடக்கிற எதையும் குப்பையில் போட மாட்டார். கெஸ்ட் திரும்பி வந்து கேட்பார் என்பது ஹோட்டல் கணக்கு. எங்கள் வீட்டுக்கு எந்த கெஸ்ட் வரப்போகிறார்?

ஜூன் 8, ஞாயிறு

நன்றாகத் தூங்கி எழுந்தேன். வாசலில் இவர் செருப்பு ஈரம். மழை இல்லை.

கை முழுக்க யூகலிப்டஸ் தைல வாசனை. "சளியா?" என்றேன். "ஆமா" என்றார். மூக்கு சுத்தமாக இருக்கிறது. தும்மல் இல்லை. தைலப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், பாதிக்குக் கீழே போயிருக்கிறது. குடிக்கிறாரா?

ஜூன் 9, திங்கள்

ஆடுது! மறுபடி ஆடுது!

ஜூன் 10, செவ்வாய்

சர்வீஸ் சென்டரில் இன்று நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"மறுபடி விழுந்திருக்கு மேடம்" என்றார் டைக்காரர். நாலு சக்கரத்திலும் இல்லையாம். "அதுக்கென்ன கால் முளைச்சிருக்கா? ஒண்ணு விழலாம், ரெண்டு விழலாம். நாலுலயும் எல்லாமேவா?" என்றேன். என் காதில் பூச் சுற்றப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒட்டியதே ஒட்டாத பசையாக இருக்கும். இல்லாவிட்டால் இது எங்கேயோ முட்டி அடிபட்ட வண்டி. பெயின்ட் அடித்துப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார்களா? கதவு இடுக்கு, பானெட் ஓரம் எல்லாம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படவில்லை என்பதே சந்தேகமாக இருக்கிறது.

புகார் எழுதிக் கொடுத்தேன். பேலன்சிங் செய்த பெண்ணின் கவனக்குறைவு என்று தெளிவாகவே எழுதினேன்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் மறுபடியும் ஒட்டினாள். "நல்லா ஒட்டியிருக்கேன் மேடம். நீங்களே இழுத்துப் பாருங்க." இழுத்தேன். என் நகம்தான் உடைந்தது. ஆனால் நான் விடுவேனா? கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டியிலும் ஒரு பொட்டு வைத்தேன். போட்டோவும் எடுத்துக்கொண்டேன். இனி விழட்டும், பார்க்கலாம். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஆட்டம் இல்லை. தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் குனிந்து சிவப்புப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. வாட்ச்மேன், "இடுப்பு வலியா மேடம்?" என்கிறார்.

வண்டி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. துடைக்கிற வேலையை வாட்ச்மேனிடம்தான் விட்டிருக்கிறேன். ஆள் பார்க்கச் சோம்பேறி மாதிரி இருந்தாலும் வேலை சுத்தம்.

ஜூன் 15, ஞாயிறு

விடியற்காலையில் விழிப்பு வந்தது. பக்கத்தில் இவர் இல்லை. பாத்ரூமில் இல்லை, ஹாலில் இல்லை. வெளிக்கதவு சும்மா சாத்தியிருந்தது.

வெகுநேரம் கழித்துப் பூனை மாதிரி உள்ளே வந்தார். "நடக்கப் போனேன்." நடக்கப் போனவருக்குக் கால்தானே வலிக்க வேண்டும்? இவர் கைவிரல் எல்லாம் ஊறி வெளுத்திருந்தது. மறுபடி அந்தத் தைல வாசனை.

என்னத்தை மறைக்கிறார்? ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஊர் தூங்குகிற நேரத்தில், எங்கே போகிறார்? யாரிடமாவது பேசப் போகிறாரா? என்னிடம் இல்லாத பேச்சு வேறு எங்கேயாவது இருக்கிறதா? சீ, என்ன புத்தி எனக்கு. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

எண்பதில் ஆட்டம். ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.

இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒட்டியிருந்த இடம் மொழுமொழுவென்று சுத்தமாக இருக்கிறது, பசைச் சுவடுகூட இல்லாமல். தானாக விழுந்தால் பசை மிச்சம் இருக்காதா?

அப்படியென்றால் சர்வீஸ் சென்டரில் ஒழுங்காகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி எங்கள் கட்டடத்தின் கீழேதான் நின்றது. யாரோ எடுக்கிறார்கள்.

யாரோ நான் ஓட்டுகிற வண்டியில் கை வைக்கிறார்கள். 

ஜூன் 17, செவ்வாய்

சந்தேகம் ஒன்று: மேல் வீட்டுக்காரர். அவர் பழைய வண்டி எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் "உங்க வண்டி மட்டும் எப்படிம்மா இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று ஒரு பெருமூச்சு. வயிற்றெரிச்சல்.

சந்தேகம் இரண்டு: வாட்ச்மேன். "ஞாயித்துக்கிழமை யாராவது வண்டிகிட்ட..." என்று நான் ஆரம்பித்ததுமே, "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார். கேள்வியே இன்னும் முடியவில்லை! மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

டைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் இறங்கிப்போனது. என் புகாருக்குப் பிறகு அந்தப் பெண்ணை மெஷினிலிருந்து எடுத்து வண்டி கழுவுகிற பக்கம் போட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. முதலில் ஆளைப் பிடிக்கிறேன். அப்புறம் அவளுக்கு வேண்டியதைச் செய்கிறேன்.

ஜூன் 18, புதன்

பிடிச்சுட்டேன். பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஆபீஸிலிருந்து வந்ததும் கையில் டார்ச்சோடு சக்கரத்தருகே உட்கார்ந்தேன். தீ விபத்துக் கோரிக்கைகளில் கண்ணைவிட மூக்குதான் முதலில் உண்மையைச் சொல்லும். பழக்கத்தில் மோந்து பார்த்தேன். ரப்பர், தூசு, அதற்கு அடியில் — யூகலிப்டஸ் தைலம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பசையை எடுக்க இந்தத் தைலம் போல எதுவும் இல்லை என்று இவர் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேலே போய் நேராக அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். பழைய பொத்தான், ஒற்றைக் கம்மல், சாவி. அவற்றுக்கு அடியில் அத்தனை சாம்பல் கட்டிகளும். சிலவற்றில் என் சிவப்புப் பொட்டு, தேய்த்துத் தேய்த்து மங்கிப்போய்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

எனக்கு என்ன வந்ததோ தெரியலை. டப்பாவைக் கொண்டுபோய் இவர் மடியில் கவுத்தேன். "நான் ரோட்டுல கிடந்து செத்தா உங்களுக்கு நிம்மதியா? அதுக்குத்தானே? வண்டிய தொட மாட்டேன்னுட்டு விடியக்காலையில திருட்டுத்தனமா போய் இதைத்தானே பண்றீங்க?"

இவர் ஒரு கட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குன்னே எனக்குத் தெரியாது. பேக்கிங்ல ஒட்டி வந்ததுன்னு நினைச்சேன். அசிங்கமா பசையோட இருந்துச்சு, எடுத்தேன். கனமா இருக்கே, யாராவது கேட்டா குடுக்கலாம்னு போட்டுவச்சேன்."

"வண்டிய கழுவறதுக்கு எதுக்கு ஒளியணும்? என்கிட்ட சொன்னா என்ன?"

"வீட்ல இருக்கார்னு சொன்னியே. பீரோ இருக்கு, நாற்காலி இருக்குங்கற மாதிரி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வண்டிய கழுவறேன்னு வந்து நிக்கறது?"

கையிலிருந்த கட்டியை டப்பாவில் போட்டார். அப்புறம், "'செத்தா'ன்னா சொன்னே?" என்று மட்டும் கேட்டார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

உண்மையாகத்தான் இருக்குமா? இல்லை, இதுவும் ஒரு "தானாக விழுந்தது"தானா? முப்பது வருஷம் கூட இருந்த மனுஷனை நம்பத் தெரியவில்லையே எனக்கு.

ஜூன் 19, வியாழன்

இன்று வந்த கோரிக்கைகள் எல்லாவற்றையும் அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வாட்ச்மேனைப் பிடித்து நிறுத்தினேன். "எல்லாம் தெரிஞ்சு போச்சு. சார்தானே கழுவறார்?" என்றதும் மனுஷன் பெரிய மூச்சு விட்டார். பாரம் இறங்கிய மாதிரி.

"சார்தான் சொல்லக் கூடாதுன்னார் மேடம். முதல் ஞாயித்துக்கிழமை நான் துடைச்சதைப் பார்த்துட்டு, 'கோடு விழுது, இங்க குடு'ன்னு துணிய வாங்கினவர்தான். அதுக்கப்புறம் என்னைக் கிட்டயே விடலை. பல் தேய்க்கற பிரஷ் வச்சு சக்கரத்துக்குள்ள வரைக்கும் தேய்ப்பார். முன் கண்ணாடிய மட்டும் மூணு தடவை துடைப்பார். 'அவ தினம் வேகமா போற ரோடு. ஒரு புள்ளி மறைச்சாக்கூட ஆபத்து'ன்னு சொல்வார். நானே துடைச்சதா இருக்கட்டும்னுட்டார். நீங்க பாராட்டும்போதெல்லாம் எனக்குத்தான் வெக்கமா இருக்கும்."

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணாடியில் உண்மையாகவே ஒரு புள்ளி இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

விடியும் முன்பே எழுந்து பால்கனியில், காயப்போட்ட துணிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கீழே போனால் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று.

போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்துவைத்த துண்டுகளைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். "நடக்கப் போகலையா?" என்றேன். "இல்ல" என்றார்.

மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. "காபி போடவா?" என்றுதான் வெளியே வந்தது. அவசரக்காரிக்குத் திட்ட மட்டும்தான் நாக்கு நீளும் போல.

ஜூன் 24, செவ்வாய்

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். டைக்காரர் மேனேஜரிடமே கூட்டிப்போனார். தப்பு என் வீட்டில்தான், அந்தப் பெண்ணின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவளை என் கண்ணெதிரே மெஷினுக்கு வரச் சொன்னார்கள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். அந்நியப் பெண்ணிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது!

நான் கொண்டுபோயிருந்த பழைய கட்டிகளை அவள் பார்த்தாள். "யாரு மேடம் எடுத்தது? நாங்களே ஸ்குரூடிரைவர் வச்சு நெம்பினாத்தான் வரும். ஒரு பொட்டுப் பசைகூட இல்லாம எடுத்திருக்காங்களே!"

"என் வீட்டுக்காரர். ஹோட்டல்ல இருபத்தெட்டு வருஷம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவர் கை வச்ச இடத்துல பசை நிக்காது" என்றேன். என் குரலே எனக்குப் புதுசாகக் கேட்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதையே விடாதவர் வீட்டுல சுவத்துல காலண்டராவது மாட்ட விடறாரா மேடம்?"

புதுசாக ஒட்டினாள். நான் மறுபடியும் சிவப்புப் பொட்டு வைத்தேன். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இல்லை.

ஜூன் 28, சனி

வண்டி ஆடவில்லை. எண்பது, தொண்ணூறு, நூறு, எதிலும் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

வண்டி அழுக்காக இருக்கிறது. பின் கண்ணாடியில் யாரோ விரலால் மூக்கும் வாயும் வரைந்திருக்கிறார்கள். முன் கண்ணாடியில் ஒரு பூச்சி செத்து ஒட்டியிருக்கிறது. வாட்ச்மேன் துடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேறு யார் துடைத்தாலும் எனக்குத் தாங்காது.

இதற்கு அது ஆடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

பேசத்தான் வாய் வரவில்லை, கையாவது வருகிறதா பார்ப்போம் என்று விடியலில் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். கையில் கிடைத்த துணி, கிடைத்த சோப்பு. பானெட்டில் நுரை பொங்கியது. துடைக்கத் துடைக்க அழுக்கு இடம் மாறியதே தவிரப் போகவில்லை. புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. ஏதோ தோன்றி மேலே பார்த்தேன். பால்கனியில் இவர். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டு.

நான் பார்க்காத மாதிரி இன்னும் அழுத்தித் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம்.

"அது தரை துடைக்கற துணி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

துணியைப் பிடுங்கிக்கொண்டார். தோளில் வேறு துணி கொண்டுவந்திருந்தார், இரண்டு. மேலிருந்து கீழே, ஒரே திசையில், அவசரமே இல்லாமல். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"வாளிய இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளினேன். "வாளி தள்ளறதுக்கெல்லாம் நான் நிறுத்த மாட்டேன். சொல்லியே தீருவேன். அப்படி ஒரு வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. ஷோரூம்ல சொன்னதும் சேர்த்துத்தான். தப்பு. ரெண்டும் தப்பு."

சக்கரத்தின் பக்கம் போய்க் குந்தினார். பிரஷ்ஷை உள்ளே விட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார், சுட்டுக்கொண்ட மாதிரி.

"இதை எடுத்தா ஏன் ஆடுது?"

பக்கத்தில் குந்தி, அந்தப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். எங்கே கனம் குறைகிறதோ அங்கே ஒட்டுவது, இல்லாவிட்டால் வேகத்தில் தூக்கித் தூக்கிப் போடுவது. கவனமாகக் கேட்டார். அப்புறம் விரலால் பொட்டைத் தொட்டு, "இந்தச் சிவப்பு?" என்றார்.

"என் நெயில் பாலிஷ். திருடனைப் பிடிக்க வச்சேன்."

"யாரோ குழந்தை கிறுக்கிட்டுதுன்னு நினைச்சேன். அதைத்தான் முதல்ல தேய்ச்சேன், பாட்டில்ல மிச்சமிருந்த தைலத்தையெல்லாம் ஊத்தி."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடிக்கவே முடியவில்லை. மேல் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ராத்திரி தலையணை உள்ளே வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

மகள் வீட்டில், அவள் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கிளம்பினோம். முன் சீட்டில் ஏறும் முன் இவர் செருப்பைத் தட்டிக்கொண்டார். புறவழிச் சாலை வரும்வரை பேச்சு இல்லை. எண்பதைத் தொட்டதும் கையை நீட்டி டேஷ்போர்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"ஆடுதா?" என்றேன்.

"ம்ஹூம்."

அப்புறம்தான் வாய் திறந்தது. ஹோட்டலில் நாலாவது மாடியில் ஒரு கெஸ்ட் பல்செட்டை மறந்துவிட்டுப் போன கதை, கடைசி நாளன்று ஒவ்வொரு அறையாகப் போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்த கதை, பூச்செண்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிய கதை. கடைசி இரண்டும் எனக்கு இதுவரை தெரியாது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். திரும்பிப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார். தலைக்கு மேலே வெயில் மறைப்பில் ஏர்பேக் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒன்று ஓரம் கிளம்பியிருந்தது. நடுவில் இரண்டு தடவை இவர் நகம் அதனருகில் போய்ப் போய்த் திரும்பி வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் மகள் ஓடி வந்தாள். "அப்பா!" என்று கையைப் பிடிக்கப் போனவளிடம், "ஒரு நிமிஷம் இரும்மா" என்றார். வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "என்னம்மா தேடறார்?"

நாலாவது சக்கரத்திலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் இருக்கு" என்றார், என்னிடம்.